மச்சான் பெயரில் தேறிய தண்டவாளங்கள்

தவசீலன் ஏழு வருடமும் எட்டு மாதமும் வேலைக்குப் போனான். அதில் ஒரு நாள்கூடத் தவசீலனாகப் போகவில்லை. பாரிஸுக்கு வெளியே, ஆர்ஜொந்தெய்க்கு அப்பால், செய்ன் நதிக்கரையில் இருந்த தண்டவாள யார்ட்டின் இரும்புக் கதவைக் காலை ஏழு மணிக்குத் தாண்டினால் அவன் பெயர் இராஜதுரை. மாலையில் சென்-லசார் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மறுபடி தவசீலன்.

இராஜதுரை என்பவர் அவனுடைய மனைவி சுஜாந்தியின் அண்ணன். தொண்ணூறுகளிலேயே பிரான்ஸுக்கு வந்து, பத்து வருட விசா அட்டை எடுத்தவர். இன்னொருவருடைய பேப்பரில் வேலை செய்வது பாரிஸின் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் யாரும் ஒளித்துச் செய்கிற காரியம் அல்ல. "ஆற்றை பேப்பரிலை நிக்கிறாய்?" என்று சாப்பாட்டுக் கடையில் உரத்த குரலில் கேட்பார்கள். கேட்கப்பட்டவனும் வாயில் கொத்துரொட்டியோடு பதில் சொல்வான்.

தவசீலன் வந்தது 2010இல். வன்னியில் கடைசிவரை நின்று, முகாமில் ஒன்பது மாதம் இருந்து, மனைவியையும் மூன்று வயது மகள் விதுர்ஷாவையும் கிளிநொச்சியில் விட்டுவிட்டு வந்தான். அகதி விண்ணப்பம் இரண்டு முறையும் நிராகரிக்கப்பட்டது. போர் நடந்தது உண்மைதானாம், ஷெல் விழுந்ததும் உண்மைதானாம், ஆனால் அது இவன்மேல் தனிப்பட்ட முறையில் விழுந்தது என்பதற்கு ஆதாரம் போதாதாம். இப்படி எழுதுவதற்கும் ஒரு மனிதனைச் சம்பளம் கொடுத்து உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.

அப்போது மச்சான்தான் கை கொடுத்தார். அதை இல்லை என்று சொல்ல முடியாது.

"என்ர கார்ட்டிலை செய் தவம். நான் லூயி-பிளாங் சாப்பாட்டுக் கடையிலை கைக்காசுக்குத்தானே நிக்கிறன், அது சும்மா கிடக்கு. வெள்ளைக்காரனுக்கு எங்கட முகமெல்லாம் ஒண்டுதான்."

வெள்ளைக்காரனுக்கு ஒன்றாக இருந்தது. மார்கிரட்டுக்கு ஒன்றாக இருக்கவில்லை. யார்ட்டின் அலுவலகத்தில் இறக்குமதிப் பத்திரங்களைப் பார்க்கிற பாண்டிச்சேரிப் பெண் அவர். முதல் நாளே அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இதுல இருக்கவருக்கு நாப்பத்தஞ்சு வயசு. உங்களுக்கு முப்பத்தி நாலு தாண்டாது. பரவால்ல, பத்ரோனுக்கு, அதான் முதலாளிக்கு, ஆள் வேணும். இங்க சிஞே பண்ணுங்க மிஸ்யே இராஜதுரை."

அவன் மச்சானின் கையெழுத்தைப் போட்டான்.

அந்த யார்ட்டுக்கு வந்தவை பழைய தண்டவாளங்கள். கிழக்கு ஐரோப்பாவில் மூடப்பட்ட பாதைகளிலிருந்து கழற்றப்பட்டு, கப்பலில் ருவான் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து படகில் செய்ன் வழியாக வரும். கிரேன் தூக்கி இறக்கியதும் அவற்றைத் தரம் பிரிக்க வேண்டும். நல்லதென்றால் முனையில் வெள்ளைப் பெயின்ற். கல்லுடைக்கும் இடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மறுபடி பாதை போடப் போகும். கெட்டதென்றால் சிவப்பு, உருக்கப் போகும். ஒன்றுக்கும் மற்றதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லொட் என்கிற ஒவ்வொரு சரக்குத் தொகுதிக்கும் ஒரு சோதனைத்தாள், அதன் அடியில் சோதித்தவரின் பெயர், கையெழுத்து.

அவன் சுமக்கத்தான் சேர்ந்தான். சோதிக்கிறவனாக மாறியது தற்செயல். சோதிக்கிற மின்கருவி பழுதாகிக் கிடந்த ஒரு வாரத்தில், முதலாளி தண்டவாளத்தின் போல்ட் துளைகளைக் கண்ணால் பார்த்துக் கொண்டு நிற்க, தவசீலன் ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துளையைச் சுற்றித் துடைத்தான். பிறகு காயத் துடைத்து, சோக்கைத் தூளாக்கிப் பூசினான். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளின்மேல் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு கசிந்து வந்தது. வெடிப்பு. வன்னியில் பொருளாதாரத் தடைக் காலத்தில், புது அச்சு வாங்க வழியில்லாத உழவு இயந்திரங்களை அவனுடைய பட்டறையில் இப்படித்தான் சோதிப்பார்கள். முதலாளி அவன் தோளில் தட்டினார். பழுதான கருவியை அதற்குப் பிறகு யாரும் திருத்தவில்லை. இவன் அதைவிட மலிவு.

வேலையில் அவன் கெட்டிக்காரன். கை நாற நாற மண்ணெண்ணெயோடு நாளுக்கு எழுபது, எண்பது தண்டவாளம் பார்ப்பான். "மிஸ்யே இராஜதுரை சரி என்றால் சரி" என்று வாங்க வருகிறவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் புகழ் முழுவதும், கடையில் வெங்காயம் உரித்துக் கொண்டிருந்த உண்மையான இராஜதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. சம்பளச் சீட்டுகளும் போய்ச் சேர்ந்தன. அவற்றைக் காட்டி வங்கியில் கடன் எடுத்து, 2014இல் ஆர்ஜொந்தெயில் ஒரு வீடு வாங்கினார் மச்சான். குடிபுகும் அன்று பால் காய்ச்சினார்கள். தவசீலன் கதிரை அடுக்கினான், இலை போட்டான், கடைசியில் சாப்பிட்டான்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். 2012இன் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ஐந்து வருடம் இந்த நாட்டில் இருந்து, வேலையும் செய்தவன் என்று நிரூபித்தால் விசா கேட்கலாம். விசா கிடைத்தால் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். பிறர் பேப்பரில் வேலை செய்தவர்களுக்கும் ஒரு வழி இருந்தது: 'இன்னாருடைய பெயரில் இத்தனை காலம் வேலை செய்தவர் உண்மையில் இன்னார்தான்' என்று முதலாளி எழுதித் தர வேண்டும். அதற்குக் கொன்கொர்தான்ஸ் கடிதம் என்று பெயர். லா சப்பலில் அந்தச் சொல்லைத் தெரியாத தமிழன் இல்லை.

2015இல் மச்சானின் வீட்டு வரவேற்பறையில், புது சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டான்.

"மச்சான், அஞ்சு வருசம் முடிஞ்சுது. பத்ரோனிட்டைக் கடிதம் கேக்கப் போறன். நீங்கள் ஓம் எண்டாத்தான் அவர் எழுதுவாராம்."

"கேள், கேள். ஆனா இப்ப வேண்டாம். என்ர நசியோனலித்தே பைல் உள்ளுக்கை கிடக்கு. பேப்பர் குடுத்தனான் எண்டு தெரிஞ்சா கிழிச்சு எறிஞ்சுபோடுவாங்கள். அது முடியட்டும்."

அது 2016இல் முடிந்தது. மச்சான் பிரெஞ்சுக்காரர் ஆனார். மறுபடி போனான்.

"இப்ப சொன்னா எடுத்ததையும் பறிப்பாங்கள் தவம். வீட்டுக் கடனும் உந்தச் சீட்டிலைதான் நிக்குது. என்னைத் தெருவிலை விடப் போறியே?"

தவசீலன் எழுந்து வந்துவிட்டான். கிளிநொச்சியில் விதுர்ஷாவுக்கு ஒன்பது வயதாகியிருந்தது. வீடியோவில் "சுகமா இருக்கிறீங்களோ அப்பா" என்று, பள்ளிக்கூட அதிபரைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

2017 ஐப்பசியில் ஒரு பெரிய லொட் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு தண்டவாளங்கள். வடக்கே ஒரு கல்லுடைக்கும் இடத்துக்கு அவை முன்னதாகவே விற்கப்பட்டிருந்தன. அவன் நாலு நாள் துடைத்தான், சோக்குப் பூசினான். நூற்று நாற்பதுக்கு மேல் சிவப்பு அடித்தான். துளையிலிருந்து துளைக்கு வெடிப்பு ஓடிய தண்டவாளங்கள்கூட இருந்தன. தாளை நிரப்பி அலுவலகத்தில் கொடுத்தான்.

முதலாளி தாளைப் பார்த்துவிட்டு மார்கிரட்டிடம் நீட்டினார். மார்கிரட்தான் வெளியே வந்து, கிரேனின் நிழலில் அவனைக் கூப்பிட்டுப் பேசினார்.

"இங்க பாருங்க தம்பி. அந்தச் சரக்கு வித்தாச்சு, ஆள் காத்திருக்கான். திருப்பி அனுப்புனா யார்ட்டையே மூடணும். அவங்க வண்டி சும்மா மெதுவாத்தான் ஓடும், ஒண்ணும் ஆகாதுன்னு பத்ரோன் சொல்றாரு. நீங்க புதுசா ஒரு தாள் எழுதி சிஞே பண்ணிடுங்க. பண்ணா, உங்க கடிதத்தை எழுதித் தர்றாராம். மச்சான் சம்மதம்லாம் வேண்டாமாம்."

"எழுதித் தருவாரோ? உண்மையாவோ?"

"என் முன்னாடிதான் சொன்னாரு."

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவன் தண்டவாள அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். இந்த இடத்தில் அவனை நல்லவனாக்கிக் காட்ட வழியில்லை. வெடித்த தண்டவாளம் என்ன செய்யும் என்று அந்த யார்ட்டில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. ஆனால் அவன் யோசித்தது வண்டியைப் பற்றியல்ல. தாளின் அடியில் வரப்போகிற பெயரைப் பற்றி. அது இராஜதுரை. பிடித்தால் இராஜதுரையைப் பிடிக்கட்டும். இன்னும் சொல்லப்போனால், அப்படி நினைத்தபோது புது சோபாவும் பால் காய்ச்சிய அடுப்பும் ஞாபகத்துக்கு வந்து, அவனுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. வருடக் கணக்காக இரவல் பெயரில் வாழ்ந்தவனுக்கு, அந்தப் பெயரில் செய்கிற பிழையும் இரவல்தான் என்று தோன்றிவிட்டது.

பழைய தாளை முதலாளி கிழித்தார். புதுத் தாளில் அவன் கையெழுத்து வைத்தான். சிவப்பு முனைகளைத் தேய்த்து வெள்ளை அடிக்க இரண்டு நாள் பிடித்தது. அதையும் அவனேதான் செய்தான், வேறு யாரும் அவ்வளவு துப்புரவாகச் செய்யமாட்டார்கள் என்பதால்.

கடிதம் வரவில்லை. முதலில் கணக்காளர் லீவில் போயிருந்தார். பிறகு நத்தார் பண்டிகை வந்தது. பிறகு வழக்கறிஞரைக் கேட்க வேண்டும் என்றார்கள். "பத்ரோன் மறக்கல தம்பி" என்று மார்கிரட் மாதம் ஒரு தடவை சொன்னார். ஒரு வருடம் இப்படி ஓடிற்று. கேட்பதற்கு அவனிடம் வாயைத் தவிர ஒன்றும் இல்லை. யாரிடம் போய் முறையிடுவது, எந்தப் பெயரில் முறையிடுவது?

2018 கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, யார்ட்டில் கணக்கெடுப்பு என்று சொல்லி எல்லோரையும் ஒரு வாரம் வீட்டில் நிற்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலை மார்கிரட் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வந்து ஒரு கடிதம் வாங்கிட்டுப் போங்க."

"என்ன கடிதம் அக்கா?"

"உங்க கடிதம்தான்."

அலுவலகத்தில் மார்கிரட் உறையை நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. கணினியில் என்னவோ தட்டிக் கொண்டிருந்தார். தவசீலன் அதைக் கவனிக்கவே இல்லை. அவன் கவனித்தது தாளில் பெரிய எழுத்தில் இருந்த தன் பெயரை. தகப்பன் பெயர், தன் பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர், ஒன்றுகூடப் பிழையில்லை. 2011 பங்குனி 14 முதல் அன்றுவரை என்று திகதிகள். அடியில் முதலாளியின் கையெழுத்து, நிறுவனத்தின் முத்திரை. கூடவே இன்னொரு தாள். அதில் இராஜதுரையின் கையெழுத்தே இருந்தது. மச்சானும் சம்மதித்துவிட்டார்! பிரெஞ்சு அவனுக்கு வேலைக்கும் கடைக்கும் காணும், சட்ட வசனங்களுக்குக் காணாது. நடுவில் இருந்த பந்திகளை அவன் வாசிக்கவில்லை.

ரயிலில் ஏறியதும் சுஜாந்தியை அழைத்தான். அங்கே மத்தியானம் கழிந்திருந்தது.

"கடிதம் வந்திட்டுது! முத்திரையோடை வந்திட்டுது. அண்ணையும் சைன் வச்சிட்டார். இஞ்சை கேளும், இன்னும் ஒரு வருசம், ஒண்டரை வருசம். பிள்ளைக்குப் பாஸ்போட் எடுக்கிற அலுவலைப் பாரும்."

மறுமுனையில் சுஜாந்தி கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அண்ணை காலைமை எடுத்தவர்," என்றாள் சுஜாந்தி. "எல்லாம் சொன்னவர்."

"என்ன சொன்னவர்?"

"நீங்கள் மறுத்துக் கதையாதேங்கோ. கேட்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. அண்ணைக்கு மூண்டு பிள்ளையள், வீட்டுக் கடன் வேறை. நீங்கள் தனி ஆள்தானே."

"என்னத்தை மறுக்கிறது? நான் தனி ஆளோ?"

அவள் அழுதாள். என்ன என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டாள். ரயிலில் எதிரே இருந்த பெண் தன் பையை மடிக்கு எடுத்துக் கொண்டாள்.

லூயி-பிளாங் தெருவில் ஒரு பயண முகவர் கடையின் பின்னறையில், விசா பைல்கள் நிரப்பிக் கொடுக்கிற ஞானசுந்தரம் இருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். முன்னால் காத்திருந்த இரண்டு பேரைத் தாண்டி தவசீலன் இரண்டு தாளையும் மேசையில் வைத்தான். ஞானசுந்தரம் கண்ணாடியை ஏற்றிவிட்டு முதல் பந்தியை வாசித்தார்.

"இருபது வருசமா உந்த அலுவல் பாக்கிறன் தம்பி. இப்பிடி ஒரு கொன்கொர்தான்ஸ் நான் கண்டதில்லை. திகதி, முத்திரை, எல்லாம் கிடக்கு. மற்றவங்கள் அரை வரி எழுதுறதுக்கே அழுவாங்கள்."

பிறகு இரண்டாவது பந்திக்குப் போனார். அவருடைய விரல் தாளில் ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது. மச்சான் கையெழுத்து வைத்த மற்றத் தாளையும் எடுத்து வாசித்தார். காத்திருந்த இரண்டு பேரையும் வெளியே நிற்கச் சொன்னார்.

"கல்லுடைக்கிற இடத்திலை போன கிழமை ஒரு எஞ்சின் புரண்டது தெரியுமோ?"

"இல்லை."

"வளைவிலை தண்டவாளம் துளையடியிலை முறிஞ்சு போச்சாம். ஓட்டின மனுசன் கீழை நசிஞ்சு போனான். ஜொந்தார்ம் பொலிஸ் வந்து சோதனைத்தாளை எடுத்து, அதிலை இருந்த பேருக்குப் போயிருக்கிறாங்கள். உம்மட மச்சான்ரை வீட்டுக்கு. அவர் அந்த இடத்திலேயே சொல்லிப்போட்டார், தன்ர கார்ட்டைத் தனக்குத் தெரியாமல் நீர் எடுத்துப் பாவிச்சனீர் எண்டு. பத்ரோன் எழுதியிருக்கிறான், தாங்கள் ஏமாத்தப்பட்டதாம், எல்லாச் சோதனைத்தாளிலும் உள்ள கையெழுத்து உம்மட கைதானாம். ஜொந்தார்முக்குக் குடுத்த கடிதத்தின்ரை கொப்பி இது."

தவசீலன் இரண்டு தாளையும் மறுபடி உறைக்குள் வைத்தான்.

"அப்ப இதைக் கொண்டு விசாவுக்குப் போகேலாதோ?" என்று கேட்டான்.

ஞானசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "போம் தம்பி. போய் ஒரு அவொக்காவை, நல்ல லோயரைப் பாரும்," என்றார்.

விசாரணையில் அவன் மறுத்திருக்கலாம். யார்ட்டில் கையெழுத்து வைத்த அந்த ஆள் நானில்லை என்று சொல்லியிருந்தால், இராஜதுரையின் பெயர் இராஜதுரையோடேயே போயிருக்கும். ஆனால் அந்த ஆள் அவனில்லை என்றால், ஏழு வருடமும் எட்டு மாதமும் அவன் இந்த நாட்டில் எங்கேயும் இல்லை. பொய் சொல்லக்கூட அவனுக்கு மனம் வரவில்லை என்பதைவிட, அந்த வருடங்களை விட மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. "அந்த ஆள் நீங்கள்தானா?" என்று கேட்டார்கள். ஓம் என்றான். மச்சான்தான் கார்ட்டைத் தந்தார் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. சுஜாந்தி கேட்டுக் கொண்டாள் அல்லவா.

தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம், அதில் காத்திருந்து தெரிந்து கொள்ள ஒன்றுமில்லை. நிறுவனத்துக்கு அபராதம். முதலாளிக்கு ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. அவர் அன்று மாலையே வீட்டுக்குப் போனார். தவசீலனுக்குப் பதினெட்டு மாதச் சிறை, அதன்பின் ஐந்து வருடம் பிரான்ஸ் மண்ணை மிதிக்கத் தடை. பழைய தாளைப் பற்றி மார்கிரட்டிடம் கேட்டார்கள். அப்படி ஒரு தாளைத் தான் பார்த்ததே இல்லை என்று அவர் அழகான பிரெஞ்சில் சொன்னார்.

2021 வைகாசியில் வழக்கு நடந்த அன்று, இறந்தவரின் மனைவி இரண்டாவது வரிசையில் இருந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். மடியில் கையைக் கோத்துக் கொண்டு, பேசுகிற ஒவ்வொருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தமிழுக்கு மொழிபெயர்க்கச் சாரதாதேவி என்கிற அம்மாவைப் போட்டிருந்தார்கள்.

நீதிபதி கேட்டார்: தண்டவாளங்கள் வெடித்தவை என்று உங்களுக்குத் தெரியுமா?

"தெரியும்," என்றான் தவசீலன்.

தெரிந்தும் ஏன் கையெழுத்து வைத்தீர்கள்?

அவனுடைய வழக்கறிஞர் இதற்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். முதலாளி வற்புறுத்தினார், வேலை போய்விடும் என்று பயந்தேன், எனக்கு விசா இல்லை. மூன்றும் உண்மைதான். மூன்று நாள் பாடமாக்கியுமிருந்தான். ஆனால் நின்று கொண்டு வாயைத் திறந்தபோது, தண்டவாள அடுக்கின்மேல் உட்கார்ந்து அன்று நினைத்ததுதான் வந்தது.

"அது என்ர பேர் இல்லைத்தானே எண்டு நினைச்சன்."

சாரதாதேவி அவனை ஒருமுறை பார்த்தார். அதை மாற்றிச் சொல்லப் போகிறானோ என்று காத்திருந்தார். அவன் சொல்லவில்லை. அவர் பிரெஞ்சில் சொன்னார்.

இரண்டாவது வரிசையிலிருந்து அந்தப் பெண் எழுந்து நின்றாள். தனக்குச் சரியாகக் கேட்கவில்லை, அதை இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள். நீதிபதி தலையசைத்தார். சாரதாதேவி, இம்முறை கொஞ்சம் உரத்து, திருப்பிச் சொன்னார்.